பிடிஓவோடு பதினைந்து வருடம்: ஆறாத ஒரு கோபம்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் என் பெறாமகன் சென்ற கிழமை தொலைபேசியில் கேட்டான்: "சித்தப்பா, பிஎச்பியிலிருந்து தரவுத்தளத்தைத் தொடுக்கிறதுக்குப் பிடிஓ திறமா, மைஎஸ்கியூஎல்ஐ திறமா?" பிஎச்பி இணையத்தளங்களை இயக்கும் நிரல்மொழி; பிடிஓவும் மைஎஸ்கியூஎல்ஐயும் அதிலிருந்து தரவுத்தளத்தோடு பேச உதவும் இரண்டு கருவிகள். எங்கள் ஊர் வாசிகசாலையின் நூற்பட்டியலை 2010 முதல் பிடிஓவைக் கொண்டே நடத்தி வருகிறேன் என்பதால் கேட்டிருக்கிறான். அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, முன்னரே தயாரித்து, பெறுமதிகளைப் பெயரிட்ட இடங்களில் பின்னர் நிரப்பும் முறை பிடிஓவில் கைக்கு மிக இதமானது. மேற்கோள் குறியோடு வரும் ஆங்கில நூற்றலைப்பு ஒன்று வினவலை உடைத்துவிடுமோ என்று நான் ஒருநாளும் அஞ்சியதில்லை. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தைத் தொடுக்கப் பிஎச்பியில் முன்பிருந்த பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளை நம்பியிருந்தவர்கள், 2015 டிசெம்பரில் பிஎச்பி 7 அவற்றை அடியோடு நீக்கியபோது தலையில் கைவைத்தார்கள். நான் அந்த நேரத்தில் ஒரு வினவலையும் தொடவில்லை. மின்சாரம் இல்லாத நாள்களில் மடிக்கணினியோடு அலுமாரிகளுக்கு இடையே நடந்து நூல் சரிபார்ப்பதற்கு ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளப் பிரதி ஒன்றும் வைத்திருக்கிறேன். அதற்காக நான் மாற்றியது, எந்தத் தரவுத்தளத்தை எப்படித் தொடுப்பது என்று சொல்லும் இணைப்பு வரியை மட்டுமே.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். 2010 இல் நாங்கள் வாடகைக்கு எடுத்த வழங்கியில் (சேர்வரில்) பிஎச்பி 5.2 இருந்தது. எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் விதம்தான் குறிமுறை; தமிழ் உட்பட எல்லா மொழிகளையும் ஏற்பது யுடிஎஃப்8. அட்டவணைகளையெல்லாம் அந்த யுடிஎஃப்8 குறிமுறையில் அமைத்து, இணைப்பு வரியிலும் குறிமுறை யுடிஎஃப்8 என்று ஒழுங்காக எழுதியிருந்தேன். ஆனால் பிஎச்பி 5.3.6 வரும் வரைக்கும் பிடிஓ அந்தச் சொல்லைப் பொருட்படுத்தியதே இல்லை. பிழைச் செய்தியோ எச்சரிக்கையோ இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். பிஎச்பி கையேட்டில் பின்னர் அதைப் பற்றி ஒரு வரி வந்தது. அன்றைக்கு அந்த வரியால் எனக்கு ஆகியது ஒன்றுமில்லை.

விளைவு என்னவென்றால், இணைப்பு அன்றைய இயல்பிருப்பான, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டுமான லத்தீன்1 குறிமுறையிலேயே பேசியது. ஒருங்குறியில் (யூனிகோடில்) உயிர்மெய்யின் கால், புள்ளி போன்றவையும் தனிக் குறிகள்; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்8 வடிவில் மூன்று பைட். தரவுத்தளமோ அந்த மூன்று பைட்டையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகள் என்று எண்ணி, அவற்றை மீண்டும் யுடிஎஃப்8 ஆக்கி வைத்துக்கொண்டது. வாசிக்கும்போது அதே பிழை தலைகீழாக நடந்ததால் திரையில் தமிழ் அழகாகத் தெரிந்தது. எதையும் சந்தேகிக்க எனக்குக் காரணமே இருக்கவில்லை.

2013 இல் வழங்கியின் பிஎச்பி பதிப்பு உயர்த்தப்பட்டது. என் இணைப்பு வரி அன்றைக்குத்தான் முதன்முதலாகச் செவிசாய்க்கப்பட்டது. மூன்று வருடப் பட்டியலும் ஒரே இரவில், தலையில் கோடு இழுத்த ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக மாறிப்போனது. புதிதாகப் பதிந்த நூல்கள் மட்டும் சரியாகத் தெரிந்தன. சரியாக எழுதிய ஒரு வரி, சரியாக வேலை செய்யத் தொடங்கியதால் வந்த அழிவு இது. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

திருத்தும் வழி உண்டு. அட்டவணையின் நிரலை (நெடுக்குப் பத்தியை) லத்தீன்1 ஆக மாற்றி, அதை வெறும் பைட்டாகக் கொண்டு, மீண்டும் யுடிஎஃப்8 என்று வாசிக்கச் சொல்ல வேண்டும். ஆனால் அதைப் பழைய பதிவுகளுக்கு மட்டுமே செய்யலாம். சரியாக இருக்கும் தமிழை லத்தீன்1 ஆக்கினால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியிலிருந்து தமிழை எவராலும் மீட்க முடியாது. பதிவெண் பார்த்துப் பிரித்து, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு இரவுகள் இருந்து முடித்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு சேதம் மிஞ்சியது. தலைப்புக்கு நான் ஒதுக்கியிருந்தது 100 எழுத்து. 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் பதினொரு குறிகள், அதாவது 33 பைட். தரவுத்தளத்தின் பிழையான கணக்கில் அவை 33 எழுத்துகள். இடைவெளியின்றி ஒட்டி எழுதினாலும் என் நிரலில் மூன்று யாழ்ப்பாணத்துக்கு மேல் கொள்ளாது. ஈழத்துச் சிறப்பு மலர்களின் தலைப்புகளோ ஊர், கோயில், விழா, ஆண்டு என்று நீளுபவை. எல்லை தாண்டியவை நூறாவது பைட்டோடு, சிலவேளை ஒரு குறியின் நடுவிலேயே, வெட்டப்பட்டிருந்தன. அளவு மீறிய தரவை ஏற்க மறுக்கும் கடுமையான முறை தரவுத்தளத்தில் அன்று இயங்கவில்லையாதலால் அதுவும் சத்தமில்லாமலே நடந்தது. அந்தத் தலைப்புகளை அலுமாரிக்குப் போய், அட்டையைப் பார்த்துத்தான் மீண்டும் எழுதினேன்.

நியாயமாகப் பார்த்தால் இந்தப் பழி முழுவதும் பிடிஓவைச் சாராது. பிஎச்பி 8.0 இலிருந்து பிழை நேர்ந்தால் விதிவிலக்கு எறிவது, அதாவது சும்மா இராமல் பிழையை அறிவிப்பது, அதன் இயல்பாகிவிட்டது, மைஎஸ்கியூஎல் 8.0 தானே, நான்கு பைட் குறிகளையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 இல் தொடங்குகிறது. இந்த நான்கு பைட் குறிமுறை முகக்குறிகளுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். முந்திரி, காணி, மா என்று பழைய கணக்குகளில் வரும் பின்னக் குறிகள் 2019 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட இடமும் நான்கு பைட் பகுதியில்தான் இருக்கிறது. பழைய ஆவணங்களைப் பதிவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின்னர், பெறாமகனிடம் மைஎஸ்கியூஎல்ஐயை எடுக்கச் சொன்னேன். அதில் குறிமுறையை அமைப்பதற்குத் தனிச் செயற்கூறு உண்டு. முடியாவிட்டால் முடியாது என்று திருப்பிச் சொல்லும். இன்றைய பிடிஓ அந்தப் பழைய பிடிஓ அல்ல என்பதும், இந்த அறிவுரையில் என் மனக்கசப்பே கூடுதல் என்பதும் எனக்குத் தெரியும். "அப்ப நீங்களும் மாத்தப் போறீங்களோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். இணைப்புத் திறந்ததும் 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லைத் தரவுத்தளத்துக்கு அனுப்பி, அதன் கணக்கில் எத்தனை எழுத்து என்று கேட்டுப் பார்க்கும் ஒரு வரி இன்னமும் என் பிஎச்பி செய்நிரலில் இருக்கிறது. பதினொன்று என்று பதில் வந்த பிறகே பட்டியல் திறக்கும்.