முதல் நாளே தேதி குறிக்காத மருத்துவமனை

சென்னையில் மண்டை, முக அறுவைக்கென்றே தனிப்பிரிவு நடத்தும் ஒரு தனியார் மருத்துவமனையைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் மகளுக்கு அப்பெர்ட் சிண்ட்ரோம் என்ற பிறவிக் கோளாறு. காதிலிருந்து காதுவரை தலையின் குறுக்கே ஓடும் மண்டையோட்டுப் பொருத்து, அதாவது மூளை வளர இடம்விட்டு எலும்புகள் சந்திக்கும் இணைப்பு, பிறக்கும்போதே மூடியிருந்தது. கைகால் விரல்கள் ஒட்டியிருந்தன.

முதலில் போன வேறோர் இடத்தில், ஸ்கேனைப் பார்த்த கையோடு அடுத்த வாரமே நெற்றி எலும்பை எடுத்துச் சரிசெய்யலாம் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். குழந்தை அப்போது பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தது. கண்ணைப் பரிசோதிக்கவில்லை, தூங்கும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் இல்லை.

இங்கே மூளை அறுவை நிபுணர், பிளாஸ்டிக் சர்ஜன், கண் மருத்துவர், மயக்க மருத்துவர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மூளை அறுவை நிபுணர் என் விரலைப் பிடித்து மகளின் உச்சியில் வைத்தார். மூக்குக்கு மேலிருந்து உச்சிக்குழி தாண்டிப் பின்னந்தலை நோக்கி, எலும்பே இல்லாத அகலமான மென்மை. அப்பெர்ட் குழந்தைகளுக்கு இந்த இடைவெளி இருப்பதால் மூளைக்கு இப்போதைக்கு இடம் கிடைக்கிறது, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்றார்.

காரணங்களையும் மறைக்காமல் சொன்னார்கள். முதல் சில மாதங்களில் எலும்பு காகிதம்போல மெல்லியது. நகர்த்தி வைத்தாலும் நிற்காது, மறுபடி மூடிக்கொண்டு இரண்டாவது அறுவைக்கு இழுக்கும். ஐந்து கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த இரத்தமே சுமார் 400 மில்லிதான். இரண்டு, மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே இறங்கியும் இருக்கும். அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளவும் முடியாது. முதல் ஆண்டில் மூளை இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்கிறது; உள்ளே அழுத்தம் கூடினால் பார்வை நரம்பு பாழாகும். அறுவையில் விடும் இடைவெளியைப் புது எலும்பால் நிரப்பும் சக்தியும் ஒரு வயதுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும்.

முடிவு இதுதான்: ஆறு மாதத்தை ஒட்டிப் பின்னந்தலை, நெற்றி அதற்குப் பிறகு. நெற்றியைவிடப் பின்பக்கத்தை நகர்த்தினால் அதே மில்லிமீட்டருக்கு மூளைக்கு அதிக இடம் கிடைக்கிறது, நெற்றியும் தொடப்படாமல் பின்னாளுக்கு மிஞ்சுகிறது. நடுவில் கண் நரம்பு வீங்கினாலோ தூக்கத்தில் மூச்சு நின்றாலோ இந்தத் திட்டம் மாறும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்குக் கண் நரம்பு நன்றாகத் தெரிந்தாலும் அழுத்தம் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதாம். அதனால் ஒவ்வொரு முறையும் தலைச்சுற்றளவு, உச்சிக்குழியின் இறுக்கம், தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள். காத்திருந்த நாட்களில் எங்களைச் சும்மா விட்டுவைக்கவில்லை. இதற்காகவே இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

மரபணு ஆலோசகருக்குத் தனியாக நன்றி. 'கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள்' என்று என் மனைவியை வீட்டில் வதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் அம்மாவை எதிரே உட்கார வைத்து, இது எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவில் புதிதாக வந்த மாற்றம், தந்தையின் உயிரணுவில் ஏற்படுவது, மருமகள் செய்த எதனாலும் வந்ததல்ல என்று பொறுமையாக விளக்கினார். அம்மா அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குறையும் உண்டு. பின்னந்தலையில் டிஸ்ட்ராக்டர் என்ற, எலும்பைச் சிறிது சிறிதாக நகர்த்தும் கருவியைப் பொருத்திய பிறகு, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர், காலையில் பாதி மாலையில் பாதி என்று நாங்களே திருக வேண்டும். தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் சிறு திருகுச்சாவியை மாட்டி, அம்புக்குறி காட்டும் பக்கம் மட்டும். இதைப் போகிற போக்கில் ஒரே ஒரு முறை காட்டினார்கள். கையில் தந்த தாள் முழுக்க ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை கம்பியைச் சுற்றித் தோல் சிவந்தபோது தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. பச்சைக் குழந்தையின் தலையை வீட்டில் ஒப்படைக்கிறவர்கள் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது. தமிழில் ஒரு தாளும் விடுமுறை நாளில் எடுக்கப்படும் ஓர் எண்ணும் அவசியம் வேண்டும். ஒரு நட்சத்திரத்தை இதற்காகக் குறைக்கிறேன்.

போகிறவர்கள் பழைய ஸ்கேன் குறுந்தகட்டையும் பிறந்தது முதல் தலைச்சுற்றளவு குறித்த அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தை தூங்கும்போது குறட்டை விடுவதைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள், கட்டாயம் கேட்பார்கள். அறுவைக்குக் காத்திருக்கச் சொன்னாலும், முதல் சந்திப்பைப் பிறந்த சில வாரங்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.