ஒலியா, அழுத்தமா: ஆங்கில உச்சரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ பி.ஏ. ஆங்கிலம் சேரும் மாணவர் சீக்கிரமே ஒலியியல் பேப்பருக்கு வந்து சேர்கிறார். பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். பேச்சுறுப்புகள், மெய்கள், உயிர்கள், டிரான்ஸ்கிரிப்ஷன் (உச்சரிப்பை ஒலிக்குறியீடுகளில் எழுதுவது) என்று போய், செமஸ்டர் முடியும் நேரத்தில் அழுத்தமும், தொனி எனப்படும் குரலின் ஏற்ற இறக்கமும் அவசரமாக வந்து போகும். இதற்கு மாற்றாக, அழுத்தத்திலும் தொனியிலும் தொடங்கி, ஒலிகளைப் போகப் போகத் திருத்திக்கொள்ளும் வழியும் உண்டு. தமிழ் பேசும் மாணவருக்கு இந்த இரண்டாவது வழிதான் ஏற்றது என்று நினைக்கிறேன்.

முதல் வழிக்கும் நியாயம் இருக்கிறது. ஆர்.பி. எனப்படும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 ஒலியன்கள், அதாவது சொல்லின் பொருளை மாற்றக்கூடிய ஒலிகள்: 20 உயிர், 24 மெய். எல்லை தெரிந்த பாடம் என்பதால் மாணவருக்குத் தைரியம் வரும். தமிழ்க் காதுக்கு இந்தப் பயிற்சி தேவையும்கூட. 'பாம்பன்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரமும் இரண்டாவது பகரமும் ஒன்றல்ல. ஆனால் எது எங்கே வரும் என்பதைத் தமிழில் இடமே முடிவு செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. குண்டூசிக்கும் குப்பைக்கூடைக்கும் நாம் 'பின்' என்றுதான் எழுதுவோம். ஆங்கிலேயர் குண்டூசியைச் சொல்லும்போது முதல் ஒலியோடு ஒரு மூச்சு சேர்ந்து வெடிக்கும். அந்த மூச்சு இல்லாமல் சொன்னால் அவர் காதில் குப்பைக்கூடை விழலாம்.

இன்னொன்று நம் டகரம். ஆங்கில 'டி'க்கு நாக்கை அவ்வளவு பின்னால் மடக்க வேண்டியதில்லை. 'ன' சொல்லும்போது நாக்கு நுனி தொடும் இடத்தில் வைத்துச் சொன்னால் போதும்; 'ண' தொடும் இடம் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கடற்கரையில் சிலருக்கு ஒரு முன்னனுபவமும் கைவசம் இருக்கிறது. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் சிறு வயதில் மதரஸாவில் தஜ்வீத், அதாவது குர்ஆனைச் சரியான உச்சரிப்போடு ஓதும் முறையை, முறையாகப் படித்தவர்கள், எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்பதைப் பயின்றே ஓதியிருப்பார்கள். அரபியின் 'ஃபா'வுக்குக் கீழுதட்டை மேற்பல் தொடுவது, இன்னும் சில எழுத்துகளுக்கு நாக்கு நுனி மேற்பல் விளிம்புக்கு வருவது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். 'திங்க்', 'திஸ்' என்ற சொற்களின் முதல் ஒலிகளை இவர்கள் சீக்கிரம் பிடித்துவிடலாம். இந்தப் பயிற்சியை வகுப்பில் யாராவது ஒலியியலோடு சேர்த்துக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் இரண்டாவது வழி? தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல் மாறாது. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' முதல் அசையில் அழுத்தம் பெற்றால் பெயர்ச்சொல், இரண்டாவதில் பெற்றால் வினைச்சொல். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபர் என்பதில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவது. அழுத்தம் நகரும்போது உயிர்களும் மாறிவிடுகின்றன. அழுத்தம் இழந்த அசை பல இடங்களில் ஷ்வா என்ற தளர்ந்த ஒலியாகச் சுருங்குகிறது. ஆக, அழுத்தம் தெரியாமல் உயிர்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு, எந்த உயிர் எங்கே வரும் என்பது கடைசிவரை பிடிபடாது. ஒலிகளை முதலில் வைக்கும் பாடத்தின் பெரிய குறை இதுதான். 'இக்', 'ஷன்', 'இட்டி' என்று முடியும் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்தின அசையில் விழும் என்ற ஒரே விதி நூற்றுக்கணக்கான சொற்களைச் சரிசெய்துவிடும்.

கடலோடு தொடர்புள்ள ஒரு சான்றும் உண்டு. ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் குழம்பிப்போகக் கடைசி மெய்யோடு அழுத்தமும் ஒரு காரணம். கப்பல்களுக்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட தகவல் தொடர்புச் சொற்றொடர்களில், எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்கிறார்கள். நூற்றைம்பது என்றால் 'ஒன், ஃபைவ், ஜீரோ'. மெர்ச்சன்ட் நேவிக்குப் போக நினைக்கும் பையன்கள் இதை இப்போதே பழகலாம்.

சொல்லைத் தாண்டி வாக்கியத்துக்கு வந்தால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. பேச்சில் நாம், 'நீ நாளைக்குப் பாம்பன் போறியா?', 'நீயா போறே?', 'நாளைக்கா போறே?', 'பாம்பனுக்கா போறே?' என்று கேட்கிறோம். ஆகாரம் எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அதுதான் சந்தேகம். தான், ஏ, உம் எல்லாமே இப்படி இடம் பார்த்து ஒட்டுபவை. 'ஆர் யூ கோயிங் டு பாம்பன் டுமாரோ' என்ற ஆங்கில வாக்கியத்தில் ஒட்ட எதுவும் இல்லை. சொற்கள் அப்படியே நிற்க, குரல் எந்தச் சொல்லில் திரும்புகிறது என்பதே நான்கு கேள்விகளையும் பிரிக்கும். தமிழர் பேசும் ஆங்கிலம் தட்டையாகக் கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஒட்டைச் சேர்த்துப் பழகிய நாம், அது இல்லாத இடத்தில் குரலைக் கொண்டு அந்த வேலையைச் செய்வதில்லை.

மொழியியலாளர் ஹாலிடே 1967-இல் தொனியை மூன்று கேள்விகளாகப் பிரித்தார்: பேச்சை எங்கே துண்டாக்குவது, துண்டுக்குள் எந்தச் சொல்லில் குரலைத் திருப்புவது, குரலை ஏற்றுவதா இறக்குவதா. வகுப்புகளில் மூன்றாவதற்குத்தான் நேரம் போகிறது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அறிஞர்களுக்குள்ளும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்திய ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்த ஆர்.கே. பன்சல், புரியாமல் போவதற்குத் தவறான சொல்லழுத்தத்தை முக்கியக் காரணமாகக் காட்டினார். ஜெனிஃபர் ஜென்கின்ஸோ 2000-இல் முன்வைத்த, உச்சரிப்பில் எவை அவசியம் என்ற பட்டியலில் சொல்லழுத்தத்தைக் கட்டாயமாக்கவில்லை. 'திங்க்' ஒலியையும் விட்டுவிட்டார். பன்சல் எடுத்த கேள்வி பெரிதும் ஆங்கிலேயர் காதைப் பற்றியது; ஜென்கின்ஸ் கவனித்தது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசுவதை. துபாயில் பிலிப்பைன்ஸ்காரரோடும் எகிப்தியரோடும் வேலை பார்க்கப் போகிறவருக்கு ஜென்கின்ஸ் சொல்வது நெருக்கம். லண்டன் வாடிக்கையாளரோடு போனில் பேசப் போகிறவருக்குப் பன்சல். ஆனால் வாக்கியத்தில் முக்கியச் சொல்லைக் குரலால் காட்டுவதை ஜென்கின்ஸும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் என் வரிசை இது: வாக்கிய அழுத்தம், சொல்லழுத்தம், அப்புறம் மூச்சொலியும் உயிர்களின் குறில் நெடிலும், கடைசியாக 'திங்க்'.

ஆர்.பி.யா, படித்த இந்தியரின் பொது உச்சரிப்பான பொது இந்திய ஆங்கிலமா என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பொது இந்திய ஆங்கிலத்துக்கு 17 உயிர்கள் போதும். பேசுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், அகராதி பார்க்கவும் தேர்வு எழுதவும் ஆர்.பி. இருக்கட்டும்.

மொழி லேபில் பழகுவதா, போனில் பழகுவதா என்பதும் இதேபோலத்தான். லேபில் ஆசிரியர் உங்கள் குரலைக் கேட்டுத் திருத்தினால் அதற்கு ஈடில்லை. திருத்த ஆளில்லாத லேபைவிட போனே மேல். அகராதி ஆப்பில் சொல்லைக் கேளுங்கள். அழுத்தக்குறி அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் நிற்கும் என்பது நினைவிருக்கட்டும். பிறகு ஒரு செய்திப் பத்தியை எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு சொல்லுக்குக் கோடிட்டு, வாசித்துப் பதிவுசெய்து, கோடிட்ட சொல் தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

தேர்வு அடுத்த வாரம் என்றால் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். குறியீடுகளையும் டிரான்ஸ்கிரிப்ஷனையும் முதலில் முடியுங்கள். எழுத்துத் தேர்வில் குரலுக்கு மார்க் கிடையாது.