"உடனே குடிபோகலாம்" என்று விற்கும் வீடுகள்: சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, கனடாவிலும் லண்டனிலும் இருந்து வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்து ஊரில் வீடு வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

கோண்டாவில் பக்கம் எங்களுக்கு இரண்டு வீடுகள் அமைந்தன. ஒன்றில் ஓடு உடைந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்து, கதவு நிலைகள் இற்றுப்போயிருந்தன. அந்த வீட்டு ஐயா தானாகவே, "தம்பி, கூரையை முழுக்கப் பிரிச்சுத்தான் மேயவேணும், கிணத்தையும் இறைச்சுத் துப்புரவாக்கவேணும்" என்று சொன்னார். மற்றது இரண்டு ஒழுங்கை தள்ளி. அதுவும் பழைய கல்வீடுதான், ஆனால் புது மாபிள் பதித்து, வெள்ளை பெயின்ற் அடித்து, எல்லா அறைக்கும் சீலிங் போட்டிருந்தார்கள். விலை முதல் வீட்டைவிட 40 லட்சம் கூட. "அண்ணை, பாலைக் காய்ச்சிப்போட்டு அண்டைக்கே இருக்கலாம்" என்றார் தரகர். அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது, நெஞ்சுச்சளி வேறு. அவரைச் சீமெந்துத் தூசிக்குள் வைத்திருக்க முடியாது என்பதால் இதை எடுத்தோம்.

உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், முடித்தது வைகாசியில். வைகாசியில் யாழ்ப்பாணத்தில் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். எங்கள் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். விற்பவர்களுக்கும் இது தெரியும்.

மழை தொடங்கியதும் விறாந்தைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் பொங்கியது. விரலால் அமத்தினேன், உடைந்து விழுந்தது. உள்ளே ஈரத்தோடு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மேசன் வந்து பார்த்துவிட்டு விளக்கினார். இவை சுண்ணாம்புக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர்கள். நிலத்து ஈரம் ஏறினாலும் அப்படியே வெளியே காய்ந்துவிடும். அதற்கு மேல் சீமெந்துப் பூச்சும் பட்டியும் பூசிப் பெயின்றும் அடித்தால் ஈரத்துக்குப் போக வழியில்லை, உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும். விற்கும்வரை வடிவாகத் தெரிந்தால் போதும் என்று செய்த வேலை அது.

அடுத்தது சீலிங்கில் மஞ்சள் கறை. ஓடாவியை, அதாவது தச்சரை, கூப்பிட்டு ஒரு சீற்றைக் கழற்றினோம். மேலே பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. கூரையைத் தாங்கும் பழைய பனை வளைகள் கறுத்து வைரமேறி நன்றாகவே இருந்தன. அந்தப் பனையைக் கறையான் இலேசில் தொடாது. ஆனால் உழுத்த இடங்களில் புதிதாக ஒட்டுப்போட்டிருந்தது எல்லாம் இளம் பனை, வைரமில்லாத வெளிறு. ஓடாவி கத்திப் பிடியால் தட்டினார், மா மாதிரிக் கொட்டியது. அதற்குக் கீழேதான் அம்மாவின் கட்டில். உடைந்த ஓடுகளை மாற்றக்கூட இல்லை, கீழே பொலித்தீன் விரித்துச் சீலிங்கால் மூடியிருந்தார்கள்.

இதையெல்லாம் காசு போனதென்று விட்டுவிடலாம். கிணற்றுக்குச் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மழைக்குப் பிறகு தண்ணீரில் ஒரு வாடை. சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, மாதிரி எடுத்துக் கொடுத்தோம், மலக் கிருமி இருக்கிறது என்று வந்தது. தேடிப் பார்த்தால், கக்கூஸ் குழி முற்றத்து மாபிளுக்குக் கீழே, கிணற்றிலிருந்து 22 அடியில். ஐம்பது அடியாவது தள்ளியிருக்கவேண்டும் என்று ஊரில் எவருக்கும் தெரியும். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக இருப்பது. குழித் தண்ணீர் மண்ணில் வடிபடாமல் நேரே கிணற்றுக்குப் போய்விடும். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில், குழந்தைகளும் வயதானவர்களும் குடிக்கப்போகும் கிணற்றுக்குப் பக்கத்தில் குழி இருப்பதை மாபிள் போட்டு மறைக்க எப்படி மனம் வந்தது?

உறுதியில் பிழை எதுவும் இல்லை. பத்திரம் எழுதிய நொத்தாரிசு, காணிப் பதிவகத்தில் தேடி, தேசவழமை என்ற யாழ்ப்பாணத்துச் சட்டப்படி பங்காளிகளுக்கு உள்ள முன்னுரிமை வரை பார்த்துச் சரியாகவே செய்தார். ஆனால் உறுதி கூரையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லையே. விற்றவர் வெளிநாட்டில், இங்கே அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அற்றோணித் தத்துவம் வைத்திருந்தவர் "நான் கையெழுத்து மட்டும்தான் வைச்சனான்" என்கிறார். தரகர் போன் எடுப்பதில்லை. முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும், வாங்கியவர் தலையில்தான், அதுவும் போனது போனதுதான். வழக்கறிஞர் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம். கூடக் கொடுத்த அந்த 40 லட்சத்துக்கு மேல் இப்போது இன்னொரு பெரிய தொகை திருத்த வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பழைய வீட்டை வாங்கித் திருத்துவது சுகம் என்று சொல்லவரவில்லை. ஓடாவி கிடைப்பது கஷ்டம், கொந்தராத்துக்காரர் சொன்ன நாளுக்கு வரமாட்டார், சீமெந்து விலை ஏறும். ஆனால் உடைந்த ஓடு கண்ணுக்குத் தெரியும், அதற்கு விலை பேசலாம். மூடியதற்கு விலை பேச முடியாது.

ஆகவே புதுப்பித்த பழைய வீடு என்றால், முற்பணம் கொடுக்க முதல் இரண்டு அறையில் சீலிங் சீற்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் அந்த வீடு வேண்டாம். உங்கள் சொந்த மேசனையும் ஓடாவியையும் கூட்டிப்போங்கள், தரகர் கூட்டிவருபவரை அல்ல. அவர்களின் ஒருநாள் கூலி பெரிய காசில்லை. குழி எங்கே என்று கேட்டு, கிணறுவரை நாடா பிடித்து அளந்து பாருங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிந்தால் மழை தொடங்கிய பிறகு, மார்கழிக்குள் ஒருமுறை பாருங்கள். வெளிநாட்டில் இருந்தால், வீடியோ எடுப்பவர் உங்கள் சொந்தக்காரராக இருக்கட்டும், சுவரின் அடிப்பக்கத்தைக் கிட்டவாகக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் கூரையை இப்போது பிரித்து மேய்ந்துகொண்டிருக்கும் ஓடாவி நேர்மையான மனிதர். கோண்டாவில், இணுவில், உரும்பிராய் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் கேட்டால் அவரோடு நானும் வந்து பார்த்துச் சொல்கிறேன். காசு ஒன்றும் வேண்டாம்.