வழுக்கும் பேலர் பெல்ட்: ஸ்ப்ரேயா, உப்புத்தாளா?

காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுப்பு முடிந்தால் வைக்கோல் கட்டுக்கு அவ்வளவு கிராக்கி. அந்த நேரம் பார்த்து, வைக்கோலை உருட்டிக் கட்டும் ரவுண்டு பேலர் இயந்திரத்தின் பெல்ட் வழுக்கினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். வைக்கோல் உள்ளே போகும், ஆனால் உருளாமல் அடைத்துக்கொண்டு நிற்கும்.

பிடிப்பு ஸ்ப்ரே அடிப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பிசுபிசுப்பில் தூசியும் கூளமும் அப்பிக்கொள்ளும். அன்றைய வயலை முடிக்க உதவும், அவ்வளவுதான்.

நான் உப்புத்தாள் பக்கம். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். ஓட ஓட அது ரப்பரைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். அந்த வழவழப்பை எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. டிராக்டரை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, 40ஆம் நம்பர் உப்புத்தாளால் பெல்ட்டின் குறுக்கே தேயுங்கள். பளபளப்பு போய், கறுப்பு மங்கி, விரல் வைத்தால் சொரசொரவென்று தட்டுப்பட வேண்டும். தோள் கடுக்கும்தான். சரி, எதுவரை தேய்ப்பது? உள்ளே இருக்கும் நூல் தெரியவே கூடாது. ஏற்கெனவே தெரிகிறதென்றால் இரண்டு வழியும் வீண், புது பெல்ட்தான்.

அப்புறம், தேய்க்கும் முன்பே, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் நல்ல பெல்ட்டும் வழுக்கும்.