முதுகெலும்புக்குச் சிமென்ட் ஊசி: பாளையங்கோட்டையில் எப்படிச் செய்கிறார்கள்?

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் வெர்டிப்ரோபிளாஸ்டி சிகிச்சையைப் பற்றிய மதிப்பீடு இது. அமுங்கிய முள்ளெலும்புக்குள் ஊசி வழியாக எலும்புச் சிமென்ட்டைச் செலுத்துவதற்குத்தான் அந்தப் பெயர். குடம் தூக்கியதற்கோ படியில் வழுக்கியதற்கோ முள்ளெலும்பு அமுங்கிப்போன ஆச்சிமார்தான் இங்கே அதிகம் வருகிறார்கள். ஊசி போடும் வேலை சுத்தம். அதற்குப் பிறகான கவனிப்பில்தான் ஓட்டை.

எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து இவர்கள் முடிவெடுப்பதில்லை. அதற்கே பாராட்டலாம். எலும்பு அமுங்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரியும். போன வாரம் அமுங்கியதா, பத்து வருஷத்துக்கு முன்னாலா என்பது தெரியாது. எம்ஆர்ஐயில் 'ஸ்டிர்' என்ற வகைப் படத்தில் புது முறிவு வெள்ளையாகத் தெரியும், ஆறிய முறிவு அப்படித் தெரியாது. ஆறியதில் சிமென்ட் வைத்தால் காசு போகும், வலி போகாது. முதுகெலும்பில் வரும் காசநோயையும் அதே எம்ஆர்ஐயில் தேடுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு எலும்பும் நடுவிலுள்ள வட்டும் (டிஸ்க்) சேர்ந்து அரித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். கிருமி உள்ள இடத்தில் சிமென்ட் வைக்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவற்றில் ஒன்றான குளோபிடோக்ரலைப் பொதுவாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

நோயாளி குப்புறப் படுக்க, மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்கமும் கொடுக்கிறார்கள். சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியில் நேராகவும் பக்கவாட்டிலும் மாறி மாறிப் பார்த்து, 11 அல்லது 13 கேஜ் தடிமனுள்ள ஊசியை முள்ளெலும்பின் முன்பகுதி வரை செலுத்துகிறார்கள். பிறகு சிமென்ட். இங்கேதான் கைப்பக்குவம். தோசை மாவுபோல இளகி இருக்கையில் தள்ளினால் சிரைக்குள் போய் நுரையீரல் வரை ஓடிவிடும். பற்பசைப் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அறை சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகும். நம்மூர் வெயிலில் ஏசி சரியாக ஓடாத ஆபரேஷன் தியேட்டரில் இது நிஜமான சிக்கல். இடுப்புப் பகுதி முள்ளெலும்புக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மில்லி போதும். சிமென்ட் எலும்பின் பின்சுவரை நெருங்கினாலே நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்கு அந்தப் பக்கம் தண்டுவடம். படம் அழகாக நிரம்ப வேண்டும் என்று கூடுதலாகத் தள்ளுவது தவறு. ஓரிரு மணி நேரம் மல்லாந்து படுத்தபின் நடக்க வைக்கிறார்கள்.

எல்லாருக்கும் இது வேண்டாம். 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில் சிமென்ட் வைக்காமல் வைத்ததுபோலக் காட்டும் பொய்ச் சிகிச்சையைவிடப் பலன் கூடுதலாக இல்லை. 6 வாரத்துக்குட்பட்ட, கடும் வலியுள்ள முறிவுகளை மட்டும் எடுத்த 2016 ஆய்வில் பலன் தெரிந்தது. 2018இல் வந்த இன்னொன்றில் தெரியவில்லை. ஆகவே வலி மாத்திரைக்கும் அடங்காமல், கட்டிலை விட்டு எழ முடியாத புது முறிவுக்கு மட்டுமே பரிந்துரைப்போம். எண்ணெய் போட்டு நீவுவதை அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

இனி குறைகள். டிஸ்சார்ஜ் தாளில் எந்த எலும்பில் எத்தனை மில்லி என்று எழுதுவதில்லை, கேட்டு வாங்குங்கள். பில்லில் ஊசியும் சிமென்ட்டும் தனித்தனி வரிகளாக வருகின்றன, எம்ஆர்ஐ அதில் சேராது. எங்களுக்குப் பொறுக்காதது வேறு: எலும்பு மெலிவுக்கு மருந்தே எழுதாமல் அனுப்பிவிடுகிறார்கள். ஓர் எலும்பைக் கெட்டியாக்கி மற்றவற்றை அப்படியே விட்டால் அடுத்தது நொறுங்க எவ்வளவு நேரம்? எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பாருங்கள். சிறுநீரகம் தாங்கும் என்றால் ஆண்டுக்கொரு முறை எலும்பு மெலிவு மருந்தான சோலெட்ரானிக் அமிலம் 5 மில்லிகிராம் ஏற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் திரும்புகிறவர்கள் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார வேண்டாம். காலில் மரமரப்போ பலவீனமோ, மூச்சுத்திணறலோ, சிறுநீர் வராமல் போவதோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே திரும்பி வாருங்கள்.