காபேனின் முகத்தை மீட்டுத் தந்த வட்டு

ழான் ரெனுவார் 1937இல் இயக்கிய 'லா கிராந்த் இல்யூசியோன்', முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிக்கிய பிரெஞ்சுப் போர்க்கைதிகளைப் பற்றிய படம். அதன் ப்ளூ-ரே வட்டை நடிகர் ழான் காபேன் ஒருவருக்காகவே வாங்கினேன். இதன் மூல நெகட்டிவை இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் பாரிசிலிருந்து பெர்லினுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து மாஸ்கோவுக்குப் போன அது, பிறகு துலூஸ் நகரின் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து, இன்னதென்று அறியப்படாமலே நெடுங்காலம் கிடந்தது. அந்த நெகட்டிவிலிருந்து 2012இல் புதுப்பித்த பிரதிதான் இந்த வட்டில் இருக்கிறது. முன்பு நான் பார்த்த மங்கலான பிரதிகளில் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்த காபேனின் முகத்தில் இப்போது தோலும் சுருக்கமும் கண்களின் ஈரமும் தெரிகின்றன.

தனிச்சிறைக் காட்சியைப் பாருங்கள். கரண்டியால் சுவரைச் சுரண்டி, கத்திக் களைத்து உட்கார்ந்திருக்கும் கைதி மரேஷாலிடம் (காபேன் ஏற்ற வேடம்) வயதான ஜெர்மானியக் காவலர் ஒரு மவுத் ஆர்கனை வைத்துவிட்டுப் போகிறார். அதை மரேஷால் எடுத்து வாசிக்கத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் காபேனின் முகம் தளர்வதை இவ்வளவு துல்லியமாக நான் கண்டதில்லை. அவர் அணிந்திருக்கும் விமானப்படைச் சட்டை, முதல் உலகப் போரில் விமானியாக இருந்த ரெனுவாரின் சொந்தச் சட்டை என்பதை அறிந்து பார்த்தால் மனம் இன்னும் நெகிழும்.

மேடைக் கலைஞர்களின் மகனாக 1904இல் பாரிசில் பிறந்து, தாமும் மேடையில் பாடி ஆடிவிட்டுத் திரைக்கு வந்தவர் காபேன். போர்க்கைதியாக நடித்த சில ஆண்டுகளிலேயே, ஹாலிவுட் வாழ்க்கையை விட்டுவிட்டுச் நாஜி ஜெர்மனியை எதிர்த்த சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து டாங்கிப் பிரிவில் போரிட்டார். போருக்குப் பின் மங்கியிருந்த அவருடைய புகழ் 1954இல்தான், நரைத்த தலையோடு, முழுமையாகத் திரும்பியது.

எனக்குள்ள ஒரே மனக்குறை ஆங்கிலத் துணைவரிகளைப் பற்றியது. பதினெட்டு மாதம் ஒன்றாகச் சிறையில் இருந்தும் நாம் இன்னும் 'நீங்கள்' என்றே பேசிக்கொள்கிறோமே என்று மரேஷால் வருந்த, என் தாயையும் மனைவியையும்கூட அப்படித்தான் அழைக்கிறேன் என்று பிரபுவான புவால்தியூ பதிலளிக்கிறார். மெக்கானிக்கான மரேஷாலுக்கும் பிரபுவான அவருக்கும் இடையே உள்ள தூரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் துணைவரி அங்கே தடுமாறுகிறது. அந்த வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கோ விளக்கமே தேவையில்லை. பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என மாறி மாறி வரும் பேச்சில், எது எந்த மொழி என்றும் துணைவரிகள் காட்டுவதில்லை.

ஒலி பழைய மோனோதான், அதாவது ஒற்றைத் தட ஒலி. அதை மிகையாக மெருகேற்றாமல் விட்டது நல்லதே. காபேனை இதுவரை பார்த்திராதவர்கள் தயங்காமல் இந்த வட்டிலிருந்து தொடங்கலாம். பழைய பிரதியை வைத்திருப்பவர்களும் மாற்றிக்கொள்ளலாம். தப்பியோடும் மரேஷாலுக்கு அடைக்கலம் தரும் ஜெர்மானிய விதவை எல்சாவின் சிறுமகள் லோட்டேக்கு நீலக் கண்கள் என்பதை அவர் உடைந்த ஜெர்மனில் சொல்லும் காட்சி வரும்போது, துணைவரியை விட்டுவிட்டு அவருடைய முகத்தை மட்டும் பாருங்கள்.