வகுப்பைக் குலைக்கும் பிள்ளை: வெளியே அனுப்புவதா, அதட்டுவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

எந்த வழி மேல் என்று முடிவு செய்யும் முன், சேட்டையால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மூன்று நான்கு நாள் ஒரு நோட்டில் குறித்தால் போதும்: சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே என்ன கிடைத்தது. வாய்விட்டு வாசிக்கச் சொல்லும்போது மட்டும் பெஞ்சைத் தட்டினால், அது வேலையிலிருந்து நழுவுவதற்கு. எந்தப் பாடமானாலும் நாலு பேர் சிரிக்கும்வரை தட்டினால், கவனத்துக்காக.

நழுவப் பார்க்கும் பிள்ளையை வெளியே அனுப்பினால், அது கேட்டதையே கொடுத்ததாகிறது. ஆசிரியருக்கும் அந்த நொடியில் நிம்மதி என்பதால் இந்த வழக்கம் இரு பக்கமும் ஊறிவிடுகிறது. விட்டுப்போன பாடம் மறுநாள் இன்னும் புரியாது. மறுபடி நழுவத் தோன்றும். அடிதடி, பொருளை வீசுவது போன்ற ஆபத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரு பெரியவரின் பார்வையில், செய்யாமல் விட்ட அதே வேலையோடு அனுப்ப வேண்டும்.

எல்லார் முன்னும் அதட்டுவது கவனம் தேடும் பிள்ளைக்கு மேடை போட்டுக் கொடுப்பது. பதின்ம வயதில் மானப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். உரத்த கண்டிப்பையும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும் கண்டிப்பையும் அமெரிக்க உளவியலாளர் ஓலியரியின் குழுவினர் 1970-இல் வெளியிட்ட ஆய்வில் ஒப்பிட்டார்கள். மெல்லச் சொன்னபோதுதான் பெரும்பாலான பிள்ளைகளிடம் தொல்லை குறைந்தது. செய்முறை எளிது. பாடத்தை நிறுத்தாமல் பக்கத்தில் போங்கள். நேருக்கு நேர் நிற்காமல் ஓரமாகக் குனிந்து, "ஐந்தாம் கணக்கில் முதல் வரியை மட்டும் போடு, ரெண்டு நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த நகர்வதில்தான். சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றால் பணிவதா எதிர்ப்பதா என்ற இழுபறி ஆகிவிடும். "ஏன் இப்படிப் பண்றே?" என்ற கேள்வியும் வேண்டாம், அது வாக்குவாதத்துக்கு அழைப்பு. சொன்னபடி இரண்டு நிமிடத்தில் திரும்பிப் போகாவிட்டால், அடுத்த முறை உங்கள் சொல் எடுபடாது.

கண்டுகொள்ளாமல் விடுவது முணுமுணுப்பு, பேனா தட்டல் போன்ற சின்னச் சேட்டைக்குச் சரி. ஆனால் தனியாக எடுபடாது. மேட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், விதிகளைச் சொல்வது மட்டும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. சேட்டையைக் கண்டுகொள்ளாமல், ஒழுங்கான நடத்தையைப் பாராட்டியபோதுதான் பலன் தெரிந்தது. பாராட்டும் குறிப்பாக இருக்க வேண்டும். "குட்" என்பதைவிட "கையைத் தூக்கிட்டுக் காத்திருந்தாய், அது நல்லது" என்பது மேல். இன்னொன்று: கவனம் நின்றதும் சேட்டை முதலில் கூடலாம், பிறகே குறையும். அந்த உச்சத்தில் பொறுமையிழந்து கத்தினால், இன்னும் பலமாகத் தட்டினால் டீச்சர் திரும்புவார் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகும். வகுப்புத் தோழர்கள் சிரித்துக்கொண்டிருந்தாலும் இந்த வழி பலிக்காது. முதலில் இருக்கையை மாற்ற வேண்டும்.

நழுவும் பிள்ளைக்கு இவை எதையும்விட வேலையைத் துண்டாக்கிக் கொடுப்பதே முதல் மருந்து: பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று, திருத்தி முடித்ததும் அடுத்த மூன்று. "கொஞ்சம் இடைவேளை வேணும்" என்று கேட்க ஓர் அட்டையும் கொடுக்கலாம். பெஞ்சைத் தட்டாமலேயே கேட்கும் வழி அது. அமைதியாக இருந்த பிள்ளை திடீரென மாறியிருந்தால் பார்வை, காது, தூக்கம், வீட்டு நிலவரம் பற்றிப் பெற்றோரிடம் விசாரித்த பிறகே இந்த அலசலுக்கு வர வேண்டும்.